ஜீப்பை ஓட்டியது யார் என்று கேட்பார்கள்

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். என் கடிதம் என்றால் முதல் நாலு வரி எருமைகளின் நலம், வாய்க்கால் தண்ணீரின் நலம், உன் அம்மாவின் முழங்கால் வலியின் நலம் என்று போகும் என்று நீ கேலி செய்வாய். இந்த முறை அதற்கெல்லாம் கை வரவில்லை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் படித்துவிட்டு உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நேற்று மத்தியானம் உங்கள் எஸ்டேட் மேனேஜர் நம் வாசலில் வந்து இறங்கினார். உங்கள் ஆனைக்கரையிலிருந்து மலையிறங்கி, கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று சுற்றி மீனாட்சிபுரம் வந்து சேர ஒரு பகல் போதாது. அவ்வளவு தூரம் ஒரு மனிதர் சும்மா வரமாட்டார். ஒரு சீப்பு மலைப்பழமும் ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். மோர் கொடுத்தோம், குடித்தார். எருமைகளைப் பற்றி விசாரித்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, ஒங்க மகன் தங்கமான பய. அதுல எங்களுக்கு ரெண்டு பேச்சு கெடையாது. ஆனா அன்னைக்கு அவன் ஜீப்புல பின்னாடி உக்காந்திருந்தான். மலையில மூட்டம்னா எப்படின்னு ஒங்களுக்குத் தெரியாது, தன் கையே தனக்குத் தெரியாது. முன் சீட்டுல யாரு ஓட்டுனான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? 'எனக்குச் சரியாத் தெரியல'ன்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டாப் போதும். நீங்க எழுதுனா கேப்பான்" என்றார். கையைப் பிசைந்துகொண்டு, மரியாதையாக, என் வயதுக்குத் தரவேண்டிய மதிப்பைக் கொடுத்துத்தான் பேசினார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அதட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். என்னைக் கூடவே ஜீப்பில் அழைத்துப் போவாராம், நான் நேரில் உனக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். போடியில் ஏலக்காயை விற்பனைக்குப் போட்டுவிட்டு நீங்கள் மூன்று பேர் திரும்பி வருகிறீர்கள். ஓட்டியது சின்ன முதலாளி. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ பின்னால். போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டி மேலே ஏறிய பிறகு, விறகுக் கட்டோடு ஓரமாக நடந்துபோன பாக்கியம் என்ற தோட்டத்துப் பெண்ணின் மேல் வண்டி ஏறிவிட்டது. நீ கத்தின பிறகுதான் நின்றது. சின்ன முதலாளி இறங்கிப் பார்த்துவிட்டு, ஏறு போகலாம் என்றிருக்கிறார். நீ ஏறவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ லாரிக்குக் காத்திருந்தாய். லாரி வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு நடந்து போய்ப் புகார் கொடுத்தாய். இப்போது டிரைவர், நான்தான் ஓட்டினேன் என்று சொல்கிறார். இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் உன் ஒருவனைத் தவிர ஆள் கிடையாது. இதைத்தானே எழுதியிருக்கிறாய்?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தோட்டத்துக்கு வரும் தபாலெல்லாம் முதலில் ஆபீஸ் மேசைக்குப் போய்த்தான் உங்கள் கைக்கு வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீயும் உன் கடிதத்தைப் போடியில் இறங்கிப் போட்டிருக்கிறாய், முத்திரையைப் பார்த்தேன். அதனால் உன் மாமன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனுக்கு மலை ஏறினால் வாந்தி வரும். இருந்தாலும் நான் போறேன் மச்சான் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். இதைப் படித்து முடித்ததும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடு. உன் அறையில் வைக்காதே.

முதலில் ஸ்டேஷன் விஷயம். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஒரு போலீஸ் கேஸின் முழு நீளத்தையும் நடந்து பார்த்தவன், நடந்த இடத்தில் எல்லாம் தடுக்கி விழுந்தவன். நீ அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். உன் படிப்பு கெடக்கூடாது என்று உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னோம். வாய்க்கால் தண்ணீரில் நம் முறை நடந்துகொண்டிருந்த நாள். நம் பங்காளி வேலுச்சாமி நடுவில் மடையைத் திருப்பிக்கொண்டான். நான் போய்த் திருப்பிவிட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் பால் கறக்கிற நேரம் அவன் மண்வெட்டிக் காம்போடு நம் வாசலுக்கே வந்துவிட்டான். முதல் அடி தலையில், அடுத்தது தடுக்கப் போன கையில். பால் சொசைட்டிக்குக் கேன் எடுக்க வந்திருந்த ஆறுச்சாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவன் கத்திய கத்தில்தான் வேலுச்சாமி ஓடினான்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டி பூட்டி ஸ்டேஷனுக்குப் போனோம். ஹெட் கான்ஸ்டபிள், என்ன சம்பவம், சொல்லும் என்றார். நான் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். வாய்க்கால், மடை, முறை, நாலு தலைமுறை வழக்கு எல்லாம் சொல்லிவிட்டுத்தான் அடிக்கு வந்தேன். நம் ஊர் எல்லைக்கு மலையாளப் பக்கம் இருப்பதால் அவர் மலையாளத்தில் எழுதினார். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துத் தெரியாது. ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வேகமாக வாசித்தார், நான் ஒவ்வொரு வரிக்கும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிற்பாடு சித்தூர் கோர்ட்டில் நம் வக்கீல் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, அதில் வாய்க்கால் கரையில் வைத்து அடித்தான் என்று இருந்தது. அவர் வேண்டுமென்று எழுதியதாக நான் இன்றும் நினைக்கவில்லை. கதையை நான் வாய்க்காலில் தொடங்கினேன், அவர் வாய்க்காலிலேயே முடித்துவிட்டார்.

உனக்கு மலையாள எழுத்துத் தெரியும், அது பெரிய பலம். நீ கொடுத்த புகாரின் நகலை வாங்கினாயா? இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேள். புகார் கொடுத்தவனுக்கு அதைச் சும்மா கொடுக்க வேண்டும், காசு கேட்கக் கூடாது. எஸ்.ஐ. இல்லை, ரைட்டர் இல்லை, நாளை வா என்பார்கள். நாளையும் போ. வாங்கியதும் ஒரு வரி விடாமல் படி. எந்த வளைவு, செக்போஸ்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்க ஓரம் என்பதைப் பார். அந்தச் செக்போஸ்ட்தான் மாநில எல்லை. ஒரு வளைவு கீழே தள்ளி எழுதியிருந்தால் அது தமிழ்நாட்டுக் கேஸ், நாங்கள் என்ன செய்ய என்று இவர்கள் கையை விரிக்கலாம், தமிழ்நாட்டுப் போலீஸ் மறுபடி இவர்களிடமே தள்ளிவிடலாம். தப்பு இருந்தால் பயப்படாதே, சண்டையும் போடாதே. இது தவறாக இருக்கிறது, நான் சொன்னது இது என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்கு. அப்புறம் உன்னைக் கூப்பிட்டு விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அதில் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று வக்கீல் சொன்னார், முதல் புகாரில் மட்டும்தான் கையெழுத்தாம். யாராவது வெள்ளைத்தாளை நீட்டி, சும்மா ஒரு ஒப்பு, ஒரு கையெழுத்து என்றால், எழுந்து வெளியே வந்துவிடு.

இரண்டாவது விஷயத்தை எழுதினால் உன் அம்மா கோபித்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அத எழுதோணுமாங்க என்கிறாள். எழுதத்தான் வேண்டும். அடிபட்ட மறுநாள் காலையில் எஸ்.ஐ. இடத்தைப் பார்க்க வருகிறார் என்று ஆள் வந்து சொன்னான். நான் கையில் கட்டோடு கட்டிலில் கிடக்கிறேன். வாசலில் ரத்தம் உறைந்து கிடக்கிறது, மண்வெட்டிக் காம்பு முறிந்து ஒரு துண்டு கட்டுத்தரைப் பக்கம் கிடக்கிறது, ஓடியவன் ஒற்றைச் செருப்பையும் விட்டுப் போயிருக்கிறான். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏனுங்க, ஆபீசரு வர்ற ஊடு இப்புடியா கெடக்கறது? நம்மளப் பத்தி என்னங்க நெனைப்பாங்க" என்றாள். பெருக்கினாள். சாணி கரைத்து மூலை விடாமல் தெளித்தாள். விசேஷத்துக்குப் போடுகிற பெரிய கோலமாக ஒன்றைப் போட்டாள். செருப்பை வேலிக்கு வெளியே எறிந்தாள், காம்புத் துண்டு அடுப்புக்குப் போயிற்று. என் ரத்த வேட்டியை நீலம் போட்டு வெளுத்துக் கொடியில் காயப்போட்டு, எனக்குச் சலவை வேட்டி கட்டிவிட்டாள். நான் தடுத்தேனா? படுத்த இடத்திலிருந்தே, அந்த மூலையிலும் கொஞ்சம் தெளி என்று சொன்னேன். ஆபீசர் வரும்போது வாசல் அசிங்கமாகக் கிடப்பதை நானும்தான் பொறுக்கமாட்டேன்.

எஸ்.ஐ. ஜீப்பை விட்டு இறங்கினார். அரை நிக்கர் போட்ட போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பின்னால். வாசலைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சோர எவிடெ?" என்றார். ரத்தம் எங்கே என்கிறார். உன் அம்மா பெருமையாக, "எல்லாம் சுத்தம் பண்ணிப்போட்டனுங்க" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாளில் வாய்க்கால் கரை என்று இருக்கிறது, வாசலில் கோலம் இருக்கிறது, நடுவில் என் உடைந்த கை மட்டும் இருக்கிறது. இடத்தைப் பார்த்து எழுதுகிற மகஜரை எழுதினார்கள். அதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அதனால் கேட்கிறேன், நீ அன்று போட்டிருந்த சட்டை எங்கே? அவள் ரத்தம் அதில் பட்டிருக்கும். நம் வீட்டுப் பிள்ளை, வந்ததும் துவைத்துப் போட்டிருப்பாய். துவைக்காமல் இருந்தால் அப்படியே காகிதத்தில் சுற்றி ஸ்டேஷனில் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்து வாங்கு. துவைத்துவிட்டாய் என்றால் துவைத்துவிட்டேன் என்று சொல். அதை மறைத்து ஒரு பொய் சொன்னால், அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மை அத்தனையையும் உலுக்கிவிடுவார்கள். ஜீப்பை இந்நேரம் அவர்கள் கழுவியிருப்பார்கள், அதற்கு உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கழுவியதை யார் பார்த்தார்கள், முன்னால் ஏதாவது நசுங்கியிருந்ததா என்று உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல். அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நிற்காதே. போனால் எதையும் எடுக்காதே, நகர்த்தாதே, பூ வைக்கிறேன் என்று கூடக் கை வைக்காதே.

அப்புறம் கூப்பிடுவார்கள். ஒரு தரம் இல்லை, பல தரம். ஒரே கேள்வியை வேறு வேறு ஆள் கேட்பார்கள். வேறு மாதிரிக் கேட்பார்கள். நீ சலித்துப்போய் ஒரு வார்த்தை கூடப் போட்டால் அதை எழுதிக்கொள்வார்கள். உன் அம்மாவிடம் கேட்டபோது, வேலுச்சாமி ஒருவன் வந்ததை நாலு பேர் வந்தாங்க என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், "ஒருத்தன் வந்து உங்கள அடிச்சுப்போட்டான்னு சொன்னா உங்களுக்குக் கேவலமில்லீங்களா" என்கிறாள். என் மானத்தைக் காப்பாற்றினாள், கேஸைக் கெடுத்தாள். நீ எதையும் கூட்டாதே. மூட்டம் இருந்தது என்றால் இருந்தது என்று சொல். எவ்வளவு தூரம் தெரிந்தது என்று கேட்டால், தெரிந்த அளவைச் சொல். வேகம் எவ்வளவு என்றால், தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவன்தான் தெரிந்ததைச் சொல்லும்போது நம்பப்படுவான். முன் சீட்டுக்கும் உன் சீட்டுக்கும் நடுவில் மூட்டம் இல்லை. அது மட்டும் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், பழம் கொண்டுவந்த மேனேஜருக்கும் தெரியும்.

குடியிருப்பை மாற்று. தோட்டத்து லயத்தில் இனி இருக்காதே. ஆனைக்கரைக் கடைவீதியில் உனக்குத் தெரிந்த குடும்பம் ஏதாவது இருந்தால் வாடகைக்கு ஒரு மூலை கேள். இருட்டினால் தனியே நடக்காதே, தோட்டத்து வண்டியில் ஏறாதே. யாராவது மிரட்டினால் வாயால் பதில் சொல்லாதே, அதை இன்னொரு புகாராக எழுதி ஸ்டேஷனில் கொடு, பெரிய ஆபீசருக்கு ஒரு நகல் அனுப்பு. மிரட்டமாட்டார்கள், அன்பாகப் பேசுவார்கள், அதற்குத்தான் நீ தயாராக இருக்க வேண்டும். சம்பளம் கூட்டுவார்கள். வேறு தோட்டத்தில் பெரிய வேலை என்பார்கள். டிரைவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, நானே ஏத்துக்கிறேன், உனக்கு என்ன தம்பி என்று அழுதாலும் அழுவார். அவரைத் திட்டாதே. அவர் வயிறு அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அவர் செய்யாததை அவர் செய்ததாக நீ சொல்லக் கூடாது, அவரே கேட்டாலும் கூடாது.

இனி ஆறுச்சாமியைப் பற்றி. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். கேஸ் கோர்ட்டுக்கு வருவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டால் உனக்கு மலைப்பாக இருக்கும். வாய்தா, வாய்தா என்று சித்தூருக்கு நடந்து என் கை ஒட்டி, வலியும் மறந்து, கோபமும் பாதி ஆறிவிட்டது. வக்கீல் என்னிடம், தாளும் இடமும் கெட்டுக் கிடக்கிறது, அந்தப் பால்காரப் பையன் வாயில்தான் உங்கள் கேஸ் இருக்கிறது என்றார். ஆறுச்சாமி நல்லவன். சம்பவத்துக்கு மறுநாள் போலீசிடம் உள்ளதை உள்ளபடி சொன்னவன். கூண்டில் ஏறினான். அரசு வக்கீல், நீர் என்ன பார்த்தீர் என்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்கு முன் பின்பெஞ்சைப் பார்த்தான். அங்கே அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேனைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சிருந்தனுங்க, ஒண்ணும் பாக்கல" என்றான். அவ்வளவுதான். வேலுச்சாமி விடுதலை. வெளியே வந்ததும் எனக்கே வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு ஆறுச்சாமி மேல் வந்த ஆத்திரம் வேலுச்சாமி மேல் கூட வரவில்லை. வேறு சொசைட்டிக்குப் பாலை மாற்றினேன். அவன் எதிரில் வந்தால் காறித் துப்பினேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கொஞ்ச காலத்தில் அவன் ஊரில் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். பொங்கலுக்கு வரவில்லை, அவன் தங்கை கல்யாணத்துக்கு வந்து தன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாமல் போனானாம். ஒரு நாள் அவன் அப்பா நம் காட்டுக்கு வந்தார். வரப்பில் நின்றுகொண்டே பேசினார். "நாந்தானுங்க அப்புடிச் சொல்லச் சொன்னேன். வேலுச்சாமி ஆளுங்க ஊட்டுக்கு வந்தாங்க, நல்ல விதமாத்தான் பேசுனாங்க. பையன் நல்லா இருக்கோணுமேன்னு சொன்னனுங்க. இப்ப அவன் எம்பட மூஞ்சியப் பாக்கறதில்லீங்க. நீங்க ஒரு கடுதாசி போட்டு, அவன் மேல கோவமில்லைன்னு எழுதுனா, என்னையும் மன்னிச்சாலும் மன்னிப்பான்" என்றார். நான் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதவில்லை. போன வருஷம் அவர் காலமானார். மகன் வந்து கொள்ளி வைத்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டான்.

நேற்று மேனேஜர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஆறுச்சாமியின் அப்பா ஞாபகம்தான். நல்ல விதமாகப் பேசுகிறார்கள், பையன் நல்லா இருக்கோணும். உன்னிடம் மறைக்க மாட்டேன், மேனேஜரிடம் நான் முடியாது என்று சொல்லவில்லை. எழுதறனுங்க என்றுதான் சொன்னேன். நாக்கு அப்படித்தான் புரண்டது. நீ ஒரே பிள்ளை. அவர்கள் பணக்காரர்கள், மலையில் எந்தப் பள்ளத்தில் யார் விழுந்தார் என்று யாருக்குத் தெரியப் போகிறது என்றெல்லாம் ஓடியது. அவர் போன பிறகு உன் அம்மாவும் அதையே சொன்னாள். "ஏனுங்க, தெரியலைன்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்துரட்டுமே. காடு இருக்குது, எருமை இருக்குது" என்றாள். இன்று காலையில் பால் கறந்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, உன் கடிதத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பாக்கியம் தண்ணீர் கேட்டாள், என்னிடம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். "அந்தப் புள்ள நம்ம பையன் மடியில போயிருக்குதுங்க. அவனப் போயித் தெரியலைன்னு எப்புடிங்க சொல்லச் சொல்றது" என்றாள். எழுந்து போய் மேனேஜர் கொண்டுவந்த பழச்சீப்பை எடுத்து எருமைக்குப் போட்டாள். ஏலக்காயை மாமனிடம் கொடுத்திருக்கிறோம், மேனேஜரிடமே சேர்த்துவிடுவான்.

அதனால் நான் எழுதுவது இதுதான். மாற்றிச் சொல்லாதே. வேலை போனால் போகட்டும், உன் சாமான்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. கேஸ் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. என் கேஸ் தோற்றது, உன்னுடையதும் தோற்கலாம், அவர்களிடம் பெரிய வக்கீல்கள் இருப்பார்கள். டிரைவரே தண்டனையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாலும் போவார். அதெல்லாம் உன் கையில் இல்லை. நீ பார்த்ததை நீ சொல்வது மட்டும் உன் கையில் இருக்கிறது. அதை நான் பிடுங்கிக்கொண்டால், நாளைக்கு நீ எங்கே இருந்தாலும் சரி, எனக்குப் பிள்ளை இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். வியாழக்கிழமை பொள்ளாச்சியில் பஸ் ஏறுகிறேன். தோட்டத்துக்கு வரமாட்டேன், ஆனைக்கரையில் இறங்கி உன் மாமன் தங்கியிருக்கும் இடத்தில் இருப்பேன். ஸ்டேஷனில் எப்போது கூப்பிட்டாலும் வாசல் வரைக்கும் உன்னோடு நடப்பேன். அப்புறம் ஊருக்கு வந்துவிட்டு, கோர்ட்டில் கேஸ் எடுக்கும்போது, அது எந்த வருஷமாக இருந்தாலும், மறுபடி வருவேன். அன்றைக்கு நானும் ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வண்டியை ஓட்டியது யார் என்று வக்கீல் கேட்பார். அப்போது தேடி என் முகத்தைப் பார்த்துவிடாதே கண்ணு, அதில் பயம்தான் இருக்கும். ஜட்ஜைப் பார்த்துப் பெயரைச் சொல்.

அப்பா